நாக்கை நீட்டு

ஒரு சட்டையைக் கையில் எடுத்தால், கழுத்துப்பட்டியின் உள்மடிப்பில் ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. காலர் ஒரு நூலளவு சாய்ந்திருந்தால் போதும், தப்பைக் காட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்துப் பச்சக்கென்று ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த லைனில் தைக்கிற பெண்கள் அவளைத் திட்டாத நாள் கிடையாது. "டிகிரி கண்ணு பூதக்கண்ணாடிடி. அவளுக்கு மாப்பிள்ளை பாத்தாக்கூட, ஒரு காது சின்னதா இருக்குன்னு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிடுவா" என்பாள் கத்தரி.

அப்படிப்பட்ட கண்தான், கம்பெனி விடுதியின் ஒரே அறையில், தன் கட்டிலுக்கு மேல்தட்டில் படுத்து எழுந்த ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்க்காமல் விட்டது.

அவளுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்ததே கத்தரிதான். கத்தரி நூல் வெட்டுகிறவள். தைத்து வந்த சட்டைகளில் தொங்குகிற நூலையும், வாய் கிடைத்தால் மனிதர்களையும் வெட்டுவாள். "விலங்கியல் படிச்சுட்டு விலங்கு மாதிரி உழைக்க வந்திருக்கா பாரு" என்று முதல் நாளே வரவேற்றாள். டிகிரிக்குக் கோபம் வரவில்லை. சொன்னது உண்மைதானே. அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முழுசாய்த் தாண்டியவர் எவருமில்லை. அவள் பட்டம் வாங்கிய போட்டோவை அப்பா சட்டம் போட்டு மாட்டினார். ஆணி அடித்த சுத்தியலைக் கீழே வைப்பதற்குள், "சரி, வேலை எப்பக் கிடைக்கும்?" என்றார். பட்டம் சுவரிலேயே நின்றுகொண்டது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு இந்தச் சட்டைக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள்.

மேல்தட்டுக்குப் பொடிசு வந்தது அதற்கு அப்புறம். பதினேழு வயது. கம்பெனி அட்டையில் மட்டும் பத்தொன்பது. விடுதி வாசலில் அவளை விட்டுவிட்டுப் போகும்போது அவள் அம்மா டிகிரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ படிச்ச பொண்ணாமே. எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, வெள்ளந்தி. கூடப் பொறந்தவ மாதிரிப் பாத்துக்க." டிகிரி தலையாட்டினாள். தலையை ஆட்டுவதற்கு என்ன, கழுத்துதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள், பொடிசின் நீலக் கோட்டையும் சேர்த்து எடுத்து மடித்தாள். கம்பெனியில் எல்லோரும் உடுப்புக்கு மேல் போட்டுக்கொள்கிற கோட்டு அது. பழக்கதோஷம், கை தானாக பட்டன் வரிசையைத் தடவிக்கொண்டு போயிற்று. பட்டன்கள் இடம் மாறியிருந்தன. எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, ஓரத்துக்குத் தள்ளித் தைத்திருந்தது. பழைய இடங்களில் ஊசித் துளைகள் மட்டும் மிச்சம். நல்ல தையல். அம்பு ஒட்ட வழியில்லாத தையல். அந்த விடுதிச் சாப்பாட்டைத் தின்று உடம்பு வைத்தவள் எவளும் இன்னும் பிறக்கவில்லை.

பொடிசு வாளியோடு மேலே ஏறி வந்தாள்.

"பட்டனை ஏன்டி மாத்தின?"

"எந்தப் பட்டன்க்கா?"

"என்கிட்டயேவா?"

பொடிசு வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எத்தனை மாசம்?"

"தெரியலைக்கா." உள்ளங்கையை வயிற்றில் வைத்தாள். "அசையுது."

 அசைகிறது என்றால் என்ன அர்த்தம் என்று டிகிரிக்குத் தெரியும். அதையாவது ஊர்ப் பெண்கள் பேசிக் கேட்டிருந்தாள்.

"யாரு?"

"பெட்டி."

பெட்டி இஸ்திரிப் பிரிவில் நீராவிப் பெட்டி போடுகிறவன். பொடிசைவிட ஒன்றோ இரண்டோ வயது கூட இருக்கும். மீசை முளைத்தும் முளைக்காமலும் ஒரு முகம்.

"புத்தி எங்கடி போச்சு உனக்கு? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசிக்கத் தோணலையா?"

"யோசிக்காம இருப்பேனாக்கா? அதுக்குத்தான் மாத்திரை போட்டேனே."

"என்ன மாத்திரை?"

"வெள்ளை மாத்திரைதான், மருந்தக்கா குடுக்குமே. அதைப் போட்டா கர்ப்பப்பை மூடிக்கும், புள்ளையே தங்காதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

அதில் குத்தலும் இல்லை, பழியும் இல்லை. நீங்கள் சொன்ன வழியில்தான் வந்தேன், ஊர் வரவில்லையே என்று கேட்பவளின் குரல். டிகிரி கையிலிருந்த கோட்டை மறுபடியும் மடித்தாள். மடித்ததையே மடித்தாள்.

ஆமாம், அவள்தான் சொன்னாள்.

அந்தக் கம்பெனியில் மாதவிலக்கு வலி என்று எவளாவது மெஷினில் தலை சாய்த்தால், லைன் சார் வந்து மேசையைத் தட்டுவார். "மருந்தறைக்குப் போயிட்டு ஓடி வா." மருந்தறையில் மருந்தக்கா ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். டப்பாவில் பெயர் கிடையாது, மாத்திரையிலும் கிடையாது. இலவசம். அங்கேயே விழுங்க வேண்டும். "நாக்கை நீட்டு" என்பாள் மருந்தக்கா. மேலே தூக்கு, கீழே காட்டு, போ. சில பேர் மாத்திரையைச் சேர்த்து வைத்து ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று எப்போதோ ஒரு புகார் வந்ததாம், அன்றிலிருந்து இந்த நாக்குப் பரிசோதனை. வலி போய்விடும். போன வலி அடுத்த மாதம் வட்டியோடு வரும். மறுபடியும் நாக்கை நீட்ட வேண்டியதுதான்.

டிகிரிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர் தெரியாத ஒன்றை வாயில் போட்டு நாக்கை வேறு காட்டுகிறார்களே, மாட்டுக்குக்கூட மருந்து கொடுத்தால் வைத்தியன் பெயரைச் சொல்லுவானே! கழிப்பறையில் கை கழுவுகிற இடத்தில் நின்று அவள் பிரசங்கம் செய்தாள். மாத்திரையின் பெயரைக் கேளுங்கள், காலாவதி தேதியைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. எல்லோரும் முகம் கழுவிக்கொண்டே கேட்டார்கள். "உரிமையைத் தின்னா வலி போகுமாடி?" என்றாள் கத்தரி. கழிப்பறையே சிரித்தது.

அந்தச் சிரிப்பு டிகிரியைச் சுட்டது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் படிச்சவ, எனக்குத் தெரியும். அந்த மாத்திரையைத் தின்னுட்டே இருந்தா கர்ப்பப்பை மூடிக்கும். அப்புறம் புள்ளையே தங்காது. கல்யாணம் ஆகிப் போயி மாமியார்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

எங்கும் படித்ததில்லை, யாரும் சொன்னதில்லை. அந்த நிமிஷம் வாயில் வந்தது, அடித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள், பயத்தைச் சொன்னால் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டாள். கணக்கு பலித்தது. ஒருத்தி வாயிலிருந்து ஒருத்தி காதுக்கு, தையல் லைனிலிருந்து பொத்தான் லைனுக்கு, சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. மருந்தறை வாசலில் கூட்டம் குறைந்தது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு மெஷின் மிதித்தார்கள். டிகிரிக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பொய், ஆனால் நல்ல பொய்.

அந்தக் கூட்டத்தில் கடைசியில் நின்றிருந்த ஒருத்தி மட்டும் அதைக் கேட்டுப் பயப்படவில்லை. அவளுக்கு அப்போதுதான் இஸ்திரிப் பிரிவிலிருந்து ஒருவன் சிரிக்க ஆரம்பித்திருந்தான். பிள்ளை தங்காதா? இலவசமாகவா? கம்பெனியிலேயே கிடைக்குமா? வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருந்தறைக்குப் போனாள். நாக்கை நீட்டினாள்.

திங்கட்கிழமை டிகிரி மருந்தறைக்குப் போனாள். போகும்போதே சண்டைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் போனாள்.

"அது என்ன மாத்திரைன்னு இன்னிக்கு நீங்க சொல்லியே ஆகணும்."

மருந்தக்கா கணுக்கால் வீங்கிய காலை ஒரு முக்காலி மேல் தூக்கி வைத்திருந்தாள். "உக்காரு. கத்தாதே. வலி மாத்திரை. கடையில விக்கிற அதே மாத்திரை. மொத்தமா வாங்குறதால டப்பாவுல வருது."

"கர்ப்பம் தங்காம இருக்கிறதுக்கு..."

மருந்தக்கா சிரித்துவிட்டாள். "ஓ, அதுவா. அதையும் கேட்டேன். எந்த முட்டாள் கிளப்பிவிட்டான்னு தெரியலை. யாரு சொன்னது, உனக்குத் தெரியுமா?"

டிகிரி சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி. உள்ளே கட்டுத்துணி, அயோடின் புட்டி, அதற்குக் கீழே ஒரு பச்சை அட்டைப்பெட்டி. 'ஆணுறை, இலவசம்.' பூட்டுத் தொங்கியது.

"அது எப்பத் திறப்பீங்க?"

"சட்டை வாங்குற கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வருவாங்கல்ல, அன்னிக்கு."

"கேட்டா குடுப்பீங்களா?"

"கல்யாணமான ஆம்பளைங்க கேட்டா குடுக்கலாம். இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்லை." மருந்தக்கா காலை இறக்கி வைத்தாள். "கல்யாணமாகாத பொண்ணுங்ககிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. புள்ளைங்களைக் கெடுக்கிறீங்களான்னு வீட்டு ஆளுங்க கம்பெனி வாசல்ல வந்து நிப்பாங்களாம். நான் என்னடி பண்ணுவேன்? எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு, இந்த முக்காலியை நம்பி." டிகிரியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "யாரு? அந்த மேல்தட்டுப் புள்ளையா?"

டிகிரி செருகியிருந்த முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி... அடிக்கடி வந்து வயித்தைப் புடிச்சிட்டு நிக்கும். போன வாரம்தானே வந்தே, மறுபடியுமான்னு கேக்க எனக்குத் தோணலையே. வரிசையில நிக்கிறவங்க நாக்கைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. மூஞ்சியை எங்கே பாக்கிறது?"

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரிப் பிரிவுக்குப் போனாள். நீராவியில் முகங்கள் எல்லாம் வெந்துபோயிருந்தன. பெட்டி ஒரு பேண்ட்டை மேசையில் விரித்துக் கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பேண்ட்டின் மடிப்பை நீவிக்கொண்டே நின்றான்.

"தெரியுமா உனக்கு?"

"சொன்னாக்கா."

"சொன்னாளா? அப்புறம் என்ன பண்றதா இருக்கே?"

"நான் என்னக்கா பண்ணுவேன்? அவதான் மாத்திரை போடுறேன்னா. டிகிரியக்காவே சொல்லியிருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னா. படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

"அவ மாத்திரை போட்டா. நீ என்ன போட்ட? இஸ்திரியா?"

பக்கத்து மேசையிலிருந்து ஒருவன் சிரித்தான். பெட்டி காது வரைக்கும் சிவந்தான். "அதெல்லாம் பொண்ணுங்க பாத்துக்கிறதுதானேக்கா."

அடிப்பதற்குக் கை பரபரத்தது. ஆனால் அவன் கண்ணில் இருந்தது திமிர் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். மழை வந்தால் கொடியிலிருந்து துணி எடுப்பது பெண்கள் வேலை என்று எப்படி நினைத்தானோ, அப்படி. அவனுக்கு யாரும் வேறு மாதிரிச் சொன்னதில்லை. டிகிரி மட்டும் சொல்லியிருக்கிறாளா என்ன?

"ஞாயித்துக்கிழமை அவகூட உக்காந்து பேசு. ஓடிப் போயிடாதே."

"நான் எங்கேக்கா ஓடப் போறேன்?" என்றான்.

மறுநாள் அவன் மேசையில் வேறொருவன் நின்று பெட்டி போட்டுக்கொண்டிருந்தான். ஊரில் அவசரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். போன் அணைந்து கிடந்தது. பொடிசு அதற்கும் அழவில்லை. "சார்ஜ் இல்லாம இருக்கும்க்கா" என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள்.

பல்வலி என்று வார்டனிடம் பொய் சொல்லி அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பல்லு அவளுக்கு, நீ எதுக்கு?" என்றாள் வார்டன். "எனக்கும் வலிக்குது மேடம்" என்றாள் டிகிரி. கத்தரி இருந்திருந்தால், ஊரையே கடிச்சா பல்லு வலிக்காதா என்றிருப்பாள். சொல்லிச் சிரிக்கிற நிலைமையில் இருவரும் இல்லை.

பேருந்தில் பொடிசு ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து ஊருக்குள் வந்ததே இரண்டு தடவைதான். "இன்னிக்கே எடுத்துடுவாங்களாக்கா? நாளைக்கு வேலைக்குப் போயிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "போயிடலாம்" என்றாள் டிகிரி. அவளுக்கு வேறு சொல் வரவில்லை. உள்ளுக்குள், எடுத்துவிட வேண்டும், எப்படியாவது எடுத்துவிட வேண்டும், என் வாயால் வந்தது என் கையாலேயே போய்விட வேண்டும் என்று அந்த ஒன்றையே மென்றுகொண்டு வந்தாள்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? வயசு என்ன?"

"பத்தொன்பது" என்று பொடிசும், "பதினேழு" என்று டிகிரியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "பாதுகாப்பா ஏதாவது பயன்படுத்தினியாம்மா?"

"மாத்திரை போட்டேன் டாக்டர்."

"என்ன மாத்திரை?"

பொடிசு டிகிரியைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் சொல்லுங்கள் என்பது போல. படித்தவர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்ளட்டும் என்பது போல. டிகிரி வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை. கழிப்பறையில் அத்தனை பேர் நடுவில் புரண்ட அதே நாக்கு.

"வெள்ளை மாத்திரை" என்று பொடிசே சொன்னாள்.

"வெள்ளை மாத்திரையா! உலகத்துல பாதி மாத்திரை வெள்ளைதான்." டாக்டரம்மா எழுதிக்கொண்டே பேசினார். "காலம் கடந்துடுச்சும்மா. இனிமே கை வச்சா இவ உயிருக்கு ஆபத்து. பெத்துத்தான் ஆகணும். பதினேழுன்னா வீட்டுக்குத் தகவல் சொல்லாம நான் இருக்க முடியாது. அம்மா நம்பர் சொல்லு."

பொடிசு தன் அம்மாவின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல, தப்பில்லாமல்.

வெளியே வந்தபோது மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பெட்டியை டிகிரி பார்த்தாள். தபால் பெட்டி அளவு. 'ஆணுறை. இலவசம். தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ளலாம்.' பெட்டிக்கு நேர் கீழே காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே கையை நீட்டினால்தான் எடுக்க முடியும். இத்தனை நாளும் அது இங்கேதான் இருந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து ஒரே பேருந்து.

அவள் போய் அவர் தலைக்கு மேலே கையை விட்டுக் கை கொண்ட மட்டும் அள்ளினாள்.

"என்னம்மா, கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் காவலாளி.

"உங்களுக்கு ஆயிடுச்சுல்ல? நீங்க ஒண்ணாவது எடுத்திருக்கீங்களா?"

"காலம் கெட்டுப்போச்சு" என்று அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

பொடிசு அருகில் வந்து அவள் உள்ளங்கையை எட்டிப் பார்த்தாள். "இது என்னக்கா?"

"ஆடிட் அன்னிக்கு ஆம்பளைங்களுக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு குடுத்துப் போட்டோ எடுத்தாங்களே, அது."

பொடிசு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். விரலால் இழுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. எத்தனையோ வாரங்களுக்கு அப்புறம் அன்றுதான் அவள் சிரித்தாள். "ஐயோ, இதுவா! இதுல தண்ணி ரொப்பித்தான்க்கா பெட்டி என் மேல அடிச்சான். கோட்டெல்லாம் நனைஞ்சுபோச்சு. நான் பலூன்னுல்ல நெனச்சேன்."

டிகிரி அங்கிருந்த சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள்.

அவள் கல்லூரியில் தவளையை அறுத்திருக்கிறாள். கரப்பான்பூச்சியின் சூலகத்தைப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறாள். மனித இனப்பெருக்கம் வந்தபோது பேராசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, "இதை வீட்ல படிச்சுக்கங்க" என்றார். வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அம்மா எட்டிப் பார்ப்பாளோ என்று அவள் திறக்கவே இல்லை. பரீட்சையிலும் அதை விட்டுவிட்டு வேறு கேள்வி எழுதித் தேறிவிட்டாள். பட்டத்தையும் கொடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பை மூடிக்கும் என்று பத்துப் பேர் நடுவில் பொய் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இல்லை. இந்த உறையின் பெயரை இவள் காதில் ஒரு தடவை சொல்லத்தான் கூச்சம்.

"அம்மா அடிக்கும்லக்கா?" என்றாள் பொடிசு. சிரிப்பு போய்விட்டிருந்தது.

அம்மாவும் சித்தப்பாவும் வந்தார்கள். அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. விடுதி வாசலில், எங்கே அன்று கையைப் பிடித்துக்கொண்டாளோ அதே இடத்தில் நின்று டிகிரியைப் பார்த்தாள்.

"நீ படிச்சவளாச்சேம்மா. கூடவே படுத்திருந்தியே. இன்னது இன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

டிகிரி சொல்லிக் கொடுத்திருந்தாள். அதுதான் வினை. அதை அவளிடம் சொல்லப் போனாள். அதற்குள் பொடிசு முந்திக்கொண்டாள். "அக்கா மேல தப்பு இல்லம்மா. அக்கா சரியாத்தான் சொல்லுச்சு. நாந்தான் மாத்திரையை ஒழுங்காப் போடலை போல."

சித்தப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "யாருக்கும் தெரியிறதுக்குள்ள ஒரு எடம் பாத்திருக்கேன். ரெண்டாந்தாரம்தான். வயசு கொஞ்சம் கூட. இந்த நெலமையில வேற என்ன கெடைக்கும்? கேள்வி கேக்க மாட்டான்" என்றார், யாரிடமோ பேசுவது போல. பொடிசின் தகரப்பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அவளைத் தொடக்கூட இல்லை.

தெரு முனை திரும்பும் வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நீலக் கோட்டைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுக்கும் முன் பட்டன்களைப் பிரித்துப் பழைய இடத்திலேயே தைத்துவைத்திருந்தாள். அடுத்து வருகிறவளுக்குச் சரியாக இருக்கட்டும் என்று.

அன்று மதியம் டிகிரி கழிப்பறைக்குப் போனாள். கை கழுவுகிற இடத்தில் எப்போதும் போல் கூட்டம். பேச்சும் பொடிசைப் பற்றித்தான்.

"நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். குழாயை மூடினாள். "அந்த வெள்ளை மாத்திரை வெறும் வலி மாத்திரை. அது கர்ப்பப்பையை மூடாது. புள்ளை தங்குறதைத் தடுக்காது. ஒண்ணும் பண்ணாது. நான் சொன்னது பொய்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கத்தரி கையை உதறிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"கம்பெனி உனக்கு என்னடி குடுத்துச்சு?"

"என்ன?"

"அன்னிக்கு விஷம்னு சொன்ன. இன்னிக்கு ஒண்ணும் பண்ணாதுங்கிற. மருந்தறைக்குள்ள உக்காந்து பேசிட்டு வந்தியே, பாத்தோம். சூப்பர்வைசர் வேலை குடுக்கிறாங்களா?"

"சத்தியமா சொல்றேன், நான்தான் அன்னிக்குப் பொய்..."

"அன்னிக்குச் சொன்னதும் இதே நாக்குதானே டிகிரி. எந்த நாளு சொன்னது பொய்னு நாங்க எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"அப்புறம் பொடிசுக்கு எப்படி..."

"அது விட்டு விட்டுப் போட்டிருக்கும்" என்றாள் ஒரு பொத்தான் லைன் பெண். "விடாமப் போட்டாத்தான் புள்ளை தங்காதுன்னு எங்க ரூம்ல பேசிக்கிட்டாங்க. அது வாரத்துக்கு ஒண்ணுதான் போட்டிருக்கு."

"ரெண்டா போடணுமாம்" என்றாள் இன்னொருத்தி.

டிகிரி கோட்டுப் பையில் கையை விட்டு அள்ளி எடுத்து முகக்கண்ணாடிக்குக் கீழே இருந்த மேடையில் போட்டாள். "இதுதான் தடுக்கும். ஆணுறை. ஆம்பளை போட்டுக்கணும். ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கிறான். வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க. எடுத்து அவனுங்க கையில குடுத்து, போடுடான்னு சொல்லுங்க."

அந்தச் சொல் ஈரச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. பாம்பைப் போட்டது போல் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். "சீ, கருமம். இதையெல்லாம் பையில வச்சுக்கிட்டுத் திரியிறா. இவகூட இருந்த புள்ளை எப்படிடி உருப்படும்?" என்றது ஒரு குரல். மணி அடித்தது. ஒருத்தியும் எடுக்கவில்லை. கத்தரி மட்டும் கடைசியாகப் போகும்போது ஒரு கணம் நின்றாள். கை நீண்டது போல இருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். அவள் கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டது.

சாயங்காலம் டிகிரி வந்து பார்த்தபோது மேடையில் ஒன்றும் இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தாள். பிறகு கீழே பார்த்தாள். கழுவிவிட்டவள் எல்லாவற்றையும் துடைப்பத்தால் தள்ளிவிட்டிருந்தாள். வடிகால் ஓட்டையில் நாலைந்து உறைகள் சிக்கித் தண்ணீர் தேங்கி நின்றது.

வெளியே மருந்தறை வாசலில் வரிசை நின்றது. பல மாதங்களாக அப்படி ஒரு வரிசையை அவள் பார்த்ததில்லை. வளைந்து, படிக்கட்டு வரைக்கும். பெரும்பாலும் புது முகங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க மறந்து, ஒருத்தி காதில் ஒருத்தி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு.

"அது வெறும் வலி மாத்திரைடி!" என்று டிகிரி கத்தினாள். லைன் சார் திரும்பிப் பார்த்தார். வரிசையில் ஒருத்தியும் திரும்பவில்லை.

முன்னால் நின்றவள் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பொடிசின் நீலக் கோட்டு அவளுக்குச் சரியாக இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையை அண்ணாந்தாள்.

"நாக்கை நீட்டு" என்றாள் மருந்தக்கா.

நீட்டினாள். மேலே தூக்கினாள், கீழே காட்டினாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்கக்கா."